முதல் ஆளாகத் தேர்வான பையனை எங்கே நிறுத்துவது? மெல்பர்னை ஒன்பது வருடம் படுத்திய கேள்வி!

வழக்கமாக இந்தப் பகுதியில் கிரிக்கெட், கபடி, செஸ் என்று ஓடிக்கொண்டிருக்கும். இந்த வாரம் நம்மில் பலர் ஒரு முழு மேட்ச்கூடப் பார்த்திராத விளையாட்டு. "யாருக்குத் தெரியும் இதெல்லாம்?" என்று வீட்டிலேயே கேட்டுவிட்டார் அப்பா. ஆனால், மொபைலில் மைதானத்தைக் காட்டியதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இது எம்.சி.ஜி. ஆச்சே!"

ஆமாம், அதேதான். டிசம்பர் 26-ம் தேதி விடியற்காலை 5 மணிக்கு அலாரம் வைத்து எழுந்து நாம் பார்க்கும் பாக்ஸிங் டே டெஸ்ட் நடக்கிற அதே மெல்பர்ன் கிரிக்கெட் மைதானம். கோடையில் கிரிக்கெட், குளிர்காலத்தில் ஃபுட்பால். அந்த ஊரில் 'ஃபுட்டி' என்றால் மெஸ்ஸி ஆடும் ஆட்டம் அல்ல, ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால். அதன் உச்சப் போட்டிதான் ஏ.எஃப்.எல். அங்கே ஒருவரை எந்த இடத்தில் ஆடவைப்பது என்று ஓர் ஊரே வருடக்கணக்கில் மல்லுக்கட்டிய கதை இது. அவர் பெயர் ஜாக் வாட்ஸ்.

முதலில் ஆட்டத்தை ரெண்டே நிமிடத்தில் பார்த்துவிடுவோம். தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.

முட்டை வடிவ மைதானம், நீளம் சுமார் 160 மீட்டர். ஓர் அணிக்குக் களத்தில் 18 பேர். பந்தும் முட்டை வடிவம்தான். காலால் உதைக்கலாம், அல்லது ஒரு கையில் வைத்து மறு கையின் முஷ்டியால் குத்தி அனுப்பலாம். எறியக் கூடாது. இரு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுவில் இருக்கும் இரண்டு உயரக் கம்பங்களுக்கு இடையே உதைத்து அனுப்பினால் கோல், 6 புள்ளி. ஓரத்து இடைவெளியில் போனால் 1 புள்ளி. குறைந்தது 15 மீட்டர் பறந்து வந்த உதையைத் தரையில் விழாமல் பிடித்துவிட்டால் அதற்குப் பெயர் 'மார்க்'. யாரும் தொந்தரவு செய்யாமல் நிதானமாக அடுத்த உதை உதைக்கலாம். ஆஃப்சைடு என்ற பேச்சே கிடையாது. யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் ஓடலாம்.

யாரும் எங்கும் ஓடலாம் என்றால் 'பொசிஷன்' எதற்கு? இங்கேதான் விஷயமே இருக்கிறது. கோல் பக்கத்தில் நிற்கும் ஃபார்வேர்டுக்கும், அவரைத் தடுக்கும் பின்வரிசை ஆளுக்கும் பார்வையே வேறு. ஃபார்வேர்டு பெரும்பாலும் கோலுக்கு முதுகு காட்டி நிற்கிறார். வானத்திலிருந்து பந்து வரும், பின்னால் இருந்து ஓர் உடம்பு வந்து இடிக்கும், அதைத் தாங்கிக்கொண்டே பிடிக்க வேண்டும். பின்வரிசைக்காரருக்கு ஆட்டம் முழுக்கக் கண்முன் விரிந்து கிடக்கிறது. பந்து எங்கிருந்து புறப்படுகிறது, எங்கே விழும் என்று படித்துவிட்டு ஓடலாம். நடுக்களத்தில் தரையில் உருளும் பந்துக்காகக் குனிந்து ஐந்தாறு பேருக்கு நடுவே தலையை விடும் ஆட்கள் தனி ரகம். 'விங்' என்கிற ஓரத்தில் இருப்பவர்கள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நடுக்கள ஆட்கள் ஒரு மேட்ச்சில் 13 கிலோமீட்டர்கூட ஓடிவிடுகிறார்கள். நடுவர் பந்தை மேலே எறிந்து ஆட்டத்தைத் தொடங்கும்போது எம்பித் தட்டும் நெட்டை ஆளுக்குப் பெயர் 'ரக்'. ஒரே ஆட்டத்துக்குள் நான்கைந்து ஆட்டங்கள் என்றுகூடச் சொல்லலாம்.

எல்லாம் இருந்த பையன்

2008. மெல்பர்ன் அணி புள்ளிப் பட்டியலில் கடைசி. இந்த அணி 1858-ல் தொடங்கியது, இந்த விளையாட்டின் மிகப் பழைய கிளப். ஆனால், கடைசியாகக் கோப்பை வென்றது 1964-ல். கடைசியில் வந்த அணிக்கு ஏ.எஃப்.எல் ஒரு சலுகை தருகிறது. வருட முடிவில் நடக்கும் 'டிராஃப்ட்'டில், நாட்டின் இளம் வீரர்களில் முதல் ஆளை அந்த அணிதான் எடுக்கும். மெல்பர்ன் எடுத்தது ஜாக் வாட்ஸை.

196 சென்டிமீட்டர் உயரம். அந்த உயரத்துக்கு நம்ப முடியாத லாகவம், சுத்தமான கைகள், அதைவிடச் சுத்தமான உதை. பள்ளிப் படிப்பே முடியவில்லை. இரண்டாவது இடத்தில் வெஸ்ட் கோஸ்ட் அணி எடுத்தது நிக் நைட்டனூயியை. அவர் பின்னாளில் அந்த அணியின் பெரிய நட்சத்திரம் ஆனார். அதனால், வாட்ஸ் பந்தைத் தவறவிட்டபோதெல்லாம் அந்தப் பெயரும் கூடவே உச்சரிக்கப்பட்டது. நம்ம ஊரில் எதிர் வீட்டுப் பையனின் மார்க்கைச் சொல்லிக் காட்டுவது மாதிரிதான்.

2009, ஜூன் 8. ராணியின் பிறந்தநாள் விடுமுறை. அன்று எம்.சி.ஜி-யில் மெல்பர்னும் காலிங்வுட்டும் மோதுவது வருடா வருடம் நடக்கும் திருவிழா. அதில்தான் 18 வயது வாட்ஸை முதன்முதலாக இறக்கினார்கள். பந்து கைக்கு வந்த ஆரம்ப நொடிகளிலேயே காலிங்வுட் ஆட்கள் கூட்டமாகப் பாய்ந்து அவரைத் தரையோடு அமுக்கினார்கள். அந்தக் காட்சி திரும்பத் திரும்ப ஒளிபரப்பானது. ஒரு பள்ளி மாணவன், பயிற்சி பெற்ற ஆண்களின் குவியலுக்கு அடியில்.

அந்த க்ளிப்பை நான் நான்கைந்து முறை பார்த்தேன். அப்பா ஒருமுறையோடு நிறுத்தச் சொல்லிவிட்டார்.

உயரமான, பந்தைப் பிடிக்கத் தெரிந்த பையன் என்றால் ஃபார்வேர்டு வரிசையின் பெரிய தூண் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். தூணுக்கு உயரம் மட்டும் போதாது. எதிரணியின் மிகப் பலமான தடுப்பாட்டக்காரர் அவர்மேல்தான் ஏறி விழுவார். 18 வயதில் மெலிந்த உடம்போடு அதைத் தாங்குவது ஒருபுறம் இருக்கட்டும். அந்தத் தூணுக்கு நல்ல பந்து வந்து சேர வேண்டும் அல்லவா? மெல்பர்ன் அப்போது தோற்றுக்கொண்டே இருந்த அணி. நடுக்களத்தில் நெருக்கடியில் மாட்டியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு முன்னால் உதைப்பார்கள். அந்தப் பந்து உயரமாக, மெதுவாக வந்து இறங்குவதற்குள் மூன்று எதிரணி ஆட்கள் அங்கே நிற்பார்கள். டிவியில் என்ன தெரியும்? வாட்ஸ் பிடிக்கவில்லை என்பது மட்டும்தான்.

காந்தப் பொத்தான் எங்கெல்லாம் போனது?

ஏ.எஃப்.எல் கோச்சுகள் ஒரு பலகையில் மைதானத்தை வரைந்து, வீரர்களின் பெயர் எழுதிய காந்தப் பொத்தான்களை ஒட்டிவைத்திருப்பார்கள். அணி சொதப்பினால் பொத்தான்களை இடம் மாற்றுவார்கள். வாட்ஸின் பொத்தான் போகாத இடம் அந்தப் பலகையில் அநேகமாக இல்லை.

அவரை முதலில் இறக்கியவர் டீன் பெய்லி. 2011 ஜூலை 30 அன்று ஜீலாங் அணியிடம் மெல்பர்ன் 186 புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. எழுத்துப்பிழை இல்லை, 233-க்கு 47. உடனே பெய்லியின் பதவி போனது. சீசன் முடியும்வரை டாட் வைனி பொறுப்பில் இருந்தார். 2012-ல் மார்க் நீல்ட் வந்தார். அவருடைய காலத்தில் வாட்ஸ் கீழ்நிலை அணிக்கு இறக்கப்பட்டார், பிறகு பின்வரிசைக்கு மாற்றப்பட்டார். 2013-ன் நடுவிலேயே நீல்ட் போனார். மிச்ச சீசனுக்கு நீல் கிரெய்க். 2014-ல், சிட்னிக்கு 2005-ல் கோப்பை வாங்கித் தந்த பால் ரூஸ். அவர் வாட்ஸை நடுக்களத்திலும் ஓரங்களிலும் ஓடவிட்டார், பிறகு மறுபடி முன்வரிசை. 2017-ல் சைமன் குட்வின்.

ஒன்பது சீசன், ஆறு கோச்.

ஒருவரை எங்கே நிறுத்துவது என்று கண்டுபிடிக்க நேரம் வேண்டும். ஒரு கோச் ஓர் இடத்தில் வைத்து, ஏழெட்டு மேட்ச் பொறுத்து, பிறகு கணக்குப் பார்க்க வேண்டும். இங்கே கணக்கைத் திறந்தவர் முடிப்பதற்குள் கிளம்பிவிடுகிறார். புதிதாக வந்தவர் புது நோட்டுப் போடுகிறார்.

ஒரு சின்ன கிளைக்கதை. டிப்ளோமா முடித்து நான் முதலில் சேர்ந்த இடத்தில் (பெயர் வேண்டாம்) என்னை கேமரா முன்னால் நிறுத்தினார்கள். குரல் நன்றாக இருக்கிறதாம். ஒவ்வொரு வீடியோவுக்கும் பத்து டேக். எனக்கே என்னைப் பார்க்கப் பிடிக்காது. ஆறு மாதத்தில் மூன்று பொறுப்பாளர்கள் மாறினார்கள். மூன்றாமவர்தான், நான் எழுதிக்கொடுத்த ஸ்கிரிப்டைப் படித்துவிட்டு, "நீங்க ஏன் இதைச் செய்யலை?" என்று கேட்டார். அவர் கேட்டிருக்காவிட்டால் இன்றும் பதினோராவது டேக் போய்க்கொண்டிருக்கும். ஆனால், என்னை 60,000 பேர் உட்கார்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மூன்றாவது பொறுப்பாளர் வரும்வரை நான் அந்த வேலையில் இருந்திருப்பேனா, தெரியாது.

சரி, வாட்ஸுக்கு வருவோம்.

பின்னாலா, முன்னாலா?

பின்வரிசையில், அதிலும் குறிப்பாக யாரையும் காவல் காக்க வேண்டிய கட்டாயம் இல்லாத ஆளாக நின்றபோது, வாட்ஸின் நல்ல குணங்கள் எல்லாம் வெளியே வந்தன. ஆட்டம் கண்முன் இருக்கிறது. பந்தை முன்கூட்டியே படிக்கும் மூளை அவருக்கு இருந்தது. பிடித்ததும் நிதானமாகப் பார்த்துச் சரியான ஆளுக்கு உதைக்கும் கால் இருந்தது. உடம்போடு உடம்பு மோதும் வேலை குறைவு. என்னைக் கேட்டால், 21 வயதில் அங்கேயே இரண்டு வருடம் விட்டிருக்கலாம்.

ஆனால், இன்னொரு பக்கமும் இருக்கிறது. 'முதல் தேர்வு' என்றாலே ரசிகர்கள் கோல்தான் கேட்பார்கள். பின்னால் நின்று அழகாகப் பந்தைப் பிரித்துக் கொடுப்பவரைப் பார்த்து, "இதுக்கா இவனை முதல்ல எடுத்தோம்?" என்பார்கள். தவிர, கோல் அடிக்க ஆளில்லாத அணியில் 196 சென்டிமீட்டர் ஆளைப் பின்னால் ஒளித்துவைக்க எந்த கோச்சுக்கும் மனசு வராது. அவருடைய இடத்தைத் தீர்மானித்தது அவருடைய திறமை மட்டும் இல்லை, அணியின் ஓட்டைகளும்தான். எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே வாட்ஸ். 2017-ல் மெல்பர்னின் ரக் ஆட்டக்காரர் மேக்ஸ் கான் காயம்பட்டார். 208 சென்டிமீட்டர் மனிதர் அவர். அந்த வேலையையும் சில மேட்ச்களில் வாட்ஸ் தலையில் கட்டினார்கள். தன்னைவிட உயரமும் எடையும் கூடிய ஆட்களோடு எம்பி மோதினார். முணுமுணுக்காமல் செய்தார் என்பதை அவரைப் பிடிக்காத ரசிகர்களும் மறுக்க முடியாது.

இப்போது 2016-க்குப் போவோம், ஏனென்றால் என் 'பின்வரிசை' வாதத்தை இடிப்பது அந்த வருடம்தான். அந்த சீசனில் வாட்ஸ் 38 கோல் அடித்தார். அவருடைய வாழ்க்கையிலேயே அதிகம். ஆடியது முன்வரிசை. எந்த இடத்தில் தோற்றார் என்று எல்லோரும் சொன்னார்களோ, ஏறக்குறைய அதே இடம்!

என்ன மாறியது? ஜெஸ்ஸி ஹோகன் வந்திருந்தார். கட்டுமஸ்தான இளம் ஃபார்வேர்டு. எதிரணியின் முரட்டுத் தடுப்பாளர் ஹோகனிடம் போய்விட்டார். வாட்ஸுக்குக் கிடைத்தது இரண்டாம், மூன்றாம் நிலை ஆள். தூணாக நிற்க வேண்டியதில்லை. கொஞ்சம் மேலே ஓடி வரலாம், பந்தை வாங்கலாம், திரும்பி உதைக்கலாம், இடைவெளியில் நழுவலாம். நடுக்களமும் முன்பைவிடத் தேறியிருந்ததால் வருகிற பந்தின் தரம் கூடியது. பலகையில் பொத்தான் அதே முன்வரிசையில்தான் இருந்தது. ஆனால் வேலை வேறு, பக்கத்தில் நிற்கும் ஆள் வேறு.

அதனால்தான், இப்போதெல்லாம் ஏ.எஃப்.எல் வட்டாரத்தில் 'பொசிஷன்' என்பதைவிட 'ரோல்' என்ற வார்த்தை அதிகம் புழங்குகிறது. யார் உடம்பு மோதலில் பந்தை ஜெயிக்கிறார், யார் ஆளில்லாத இடத்தில் வாங்குகிறார், உதைத்தால் எத்தனை முறை சரியான ஆளுக்குப் போகிறது என்பதையெல்லாம் சாம்பியன் டேட்டா என்ற நிறுவனம் ஒவ்வொரு மேட்ச்சிலும் எண்ணிக் கொடுக்கிறது. முதுகில் மாட்டிய ஜி.பி.எஸ் கருவி ஓடிய தூரத்தையும் வேகத்தையும் சொல்கிறது. இவ்வளவு எண்கள் இருந்தும், ஒரு வீரரைத் தடுப்பிலிருந்து முன்னுக்கு மாற்றினால் என்ன ஆகும் என்பதை மாற்றிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

அதே அணி, இன்னும் இரண்டு பேர்

வாட்ஸோடு மெல்பர்னில் ஒன்றாக ஆடிய இருவரைப் பார்த்தால் இது இன்னும் புரியும்.

ஜெர்மி ஹவ். ஆள் மேல் ஏறிப் பறந்து பந்தைப் பிடிப்பதில் மன்னன். 2012-ல் அந்த வருடத்தின் சிறந்த மார்க் விருதே வாங்கினார். மெல்பர்னில் பெரும்பாலும் முன்வரிசையில் நின்றார். யூடியூபில் அவரைப் பார்ப்பவர்கள் கொண்டாடினார்கள், மேட்ச் முழுக்கப் பார்ப்பவர்கள் "மிச்ச நேரம் எங்கே போனார்?" என்று கேட்டார்கள். 2015 முடிவில் காலிங்வுட்டுக்குப் போனார். அங்கே பின்வரிசையில் நிறுத்தினார்கள். அதே எம்பல், அதே கைகள். ஆனால், இப்போது எதிரணி உதைத்து அனுப்பும் பந்தை நடுவில் பறந்து வந்து பறிக்கிறார். 2023-ல் காலிங்வுட் கோப்பை வென்றபோது அந்த அணியில் இருந்தார். சீசனின் முதல் மேட்ச்சிலேயே கை உடைந்து, மீண்டு வந்து ஆடினார் என்பது கூடுதல் செய்தி.

டாம் மெக்டொனால்ட் இதற்கு நேர் எதிர். மெல்பர்னின் தடுப்பாட்டத் தூணாக இருந்தவர். 2017-ல் அவரை முன்னால் அனுப்பிப் பார்த்தார்கள். 2018-ல் 53 கோல்! 2021-ல் மெல்பர்ன் 57 வருடத்துக்குப் பிறகு கோப்பை வென்றபோது ஃபார்வேர்டாக நின்றார். கதை அங்கே முடியவில்லை, சில வருடங்களில் மறுபடி பின்வரிசைக்கே திரும்பினார். இவர்கள் இருவரும் டிராஃப்டில் முதல் இடத்தில் வந்தவர்கள் அல்ல. இடம் மாற்றியபோது ஊர் கூடி விசாரணை வைக்கவில்லை. மாற்றினார்கள், சரியாக இருந்தது, விட்டுவிட்டார்கள்.

வாட்ஸ் விஷயத்தில் ஒவ்வொரு மாற்றமும் தலைப்புச் செய்தி. "இவனுக்கு எந்த இடம்?" என்று ஆரம்பித்த கேள்வி, "இவன் தேறுவானா?" என்று மாறி, "இவனுக்கு அக்கறை இருக்கிறதா?" என்பதில் போய் நின்றது. பந்துக்காக உயிரைக் கொடுத்து விழவில்லை, சோம்பேறித்தனமாகத் தெரிகிறார் என்றெல்லாம் பேசினார்கள். லாகவமாக ஆடுபவர்களுக்கு எல்லா விளையாட்டிலும் இந்தச் சாபம் உண்டு. வியர்வை தெரியாவிட்டால் உழைக்கவில்லை என்று எழுதிவிடுவார்கள். அதற்காக எல்லாப் பழியும் மற்றவர்கள்மேல்தான் என்று நான் சொல்லவரவில்லை. தயாரிப்பிலும் உடற்தகுதியிலும் இன்னும் கூடுதலாக எதிர்பார்க்கிறோம் என்று கிளப்பே அவரிடம் கேட்ட காலமும் உண்டு. சில வாரங்கள் அவர் ஆட்டத்தில் காணாமலே போனார் என்பதும் உண்மை.

2017, ஜூன் 12. மறுபடியும் ராணியின் பிறந்தநாள். மறுபடியும் எம்.சி.ஜி, மறுபடியும் காலிங்வுட். எட்டு வருடத்துக்கு முன் அமுக்கப்பட்ட அதே மைதானம். ஆட்டம் முடிய மிகக் கொஞ்ச நேரமே இருந்தபோது பந்து வாட்ஸிடம் வந்தது. உதைத்தார். கோல். மெல்பர்ன் 4 புள்ளியில் வென்றது. அவருடைய முகத்தையும், அவர்மேல் விழுந்த சக வீரர்களையும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இந்த முறை குவியலுக்கு அடியில் கிடந்தது சந்தோஷமாக.

அந்த சீசன் முடிந்ததும் அக்டோபரில் அவரை போர்ட் அடிலெய்ட் அணிக்கு அனுப்பிவிட்டார்கள். பதிலுக்கு மெல்பர்ன் வாங்கிக்கொண்டது டிராஃப்டில் 31-வது தேர்வு. நம்பர் 1 ஆக வந்தவர், நம்பர் 31-க்குக் கைமாறினார். அங்கே கென் ஹின்க்லி ஏழாவது கோச். 2019-ன் இரண்டாவது சுற்றில் கார்ல்டனுக்கு எதிராக ஆடும்போது கால் எலும்பு முறிந்தது. அந்த வருடமே ஓய்வை அறிவித்தார். வயது 28, மொத்தம் 174 மேட்ச். பிளே-ஆஃப் மாதிரியான 'ஃபைனல்ஸ்' சுற்றில் ஒரு மேட்ச்கூட ஆடக் கிடைக்கவில்லை. மெல்பர்ன் அவர் போன அடுத்த வருடமே, 2018-ல், அந்தச் சுற்றுக்குத் தகுதி பெற்றது.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "அந்தப் பையனை முதல் வருஷமே பின்னாடி நிறுத்தியிருக்கணும்" என்றார். நான் 2016-ன் 38 கோலைக் காட்டினேன். "அப்போ அந்த ஹோகன் வர்ற வரைக்கும் பின்னாடி, அப்புறம் முன்னாடி" என்றார். "அதுக்கு ஏழு வருஷம் ஒரே கோச் இருக்கணுமேப்பா" என்றேன்.

"186 ரன்ல தோத்தா எவன் வெச்சிருப்பான்?" என்றார். ரன் இல்லை, புள்ளி என்று திருத்துவதற்குள் அந்த ஜூன் 12 கோலை மறுபடி போடச் சொல்லிவிட்டார்.